நாருக்கும் ஒரு கணக்கு

அறையைப் பெருக்கிக் குப்பையைத் தாழ்வாரத்தில் தள்ளிவிட்டால் வீடு சுத்தமாகிவிடுமா? ஆகாது என்று நம் வீட்டுச் சிறுமிகூடச் சொல்லிவிடுவாள். அறை சுத்தமாகியிருக்கிறது, குப்பை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதை முறத்தில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் சேர்க்கும் வரையில் வேலை முடிந்ததாகாது.

இந்தச் சின்ன விஷயத்தை விஞ்ஞானிகளும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைக் கழிவு நீரில் கலந்துவிட்ட விஷ உலோகங்களைத் தேங்காய் நார், வாழை நார், ஆகாயத்தாமரை வேர் போன்ற எளிய பொருள்களைக் கொண்டு பிடித்து நிறுத்தலாம் என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? வேண்டாமென்று எறியும் நார், தண்ணீரைச் சுத்தம் செய்கிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால், சந்தோஷப்பட்டதோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தண்ணீரை விட்டுப் போன விஷம் எங்கே போயிற்று?

நாருக்குள் போயிற்று. அங்கேயே இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்த்தால்தான் அந்த நாரை என்ன செய்வது என்று தெரியும். இந்த வாரம் அந்த அளவையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

முதலில் விஷம் எது என்று பார்த்துவிடுவோம். காரீயம், காட்மியம், பாதரசம், குரோமியம் ஆகியவை இந்த வரிசையில் முக்கியமானவை. காரீயம் என்றதும் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை எண்ணிப் பயந்துவிடாதீர்கள். ஈயச் சொம்புக்கும் பாத்திரத்துக்குப் பூசுவதற்கும் உரியது வெள்ளீயம். அது வேறு உலோகம். அதில் காரீயத்தைக் கலப்படம் செய்தால்தான் ஆபத்து. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கி, நாளடைவில் எலும்பையும் பலவீனப்படுத்துகிறது.

இந்த உலோகங்களிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கிருமியைக் கொதிக்க வைத்துக் கொன்றுவிடலாம். உலோகத்தைக் கொல்ல முடியாது. அது உயிருள்ள பொருளே அல்லவே! தண்ணீரை அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் ஆவியாகிப் போவது தண்ணீர்தான். உலோகம் பாத்திரத்திலேயே தங்கிவிடும். மிஞ்சிய தண்ணீரில் அதன் விகிதம் கூடத்தான் செய்யும், குறையாது. நிறம் இல்லை, மணம் இல்லை, இந்த அளவில் ருசியும் இல்லை. பளிங்கு போலத் தெளிந்த தண்ணீரிலும் இருக்கலாம்.

எவ்வளவு இருந்தால் தீங்கு? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்குக் காரீயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காட்மியத்துக்கு அந்த எல்லை இன்னும் குறைவு: 0.003 மில்லிகிராம். இந்தப் புள்ளி விவரத்தைப் படித்தால் மனசில் ஒன்றும் தங்காது. ஆகையால் இப்படி யோசித்துப் பாருங்கள். வீதியில் தண்ணீர் லாரி வருகிறதே, அதில் பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட லாரிகள் பத்தை வரிசையாக நிறுத்தி, அவ்வளவு தண்ணீரிலும் சேர்த்து ஒரே ஒரு கிராம் காரீயத்தைக் கரைத்தால், அந்த எல்லையை எட்டிவிடும். நகைக் கடையில் ஒரு கிராம் என்பது எத்தனை சிறியது என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இவ்வளவு சொற்பமான பொருளை நார் எப்படிப் பிடிக்கிறது?

தேங்காய் நாரைக் கண்ணால் பார்த்தால் வெறும் முரட்டு நூல். உள்ளே பார்த்தால் அது செல்லுலோஸ், லிக்னின் முதலிய பொருள்களால் நெய்த கூடு. அந்தக் கூட்டின் சுவர்களில் மின்சார ஈர்ப்புள்ள சிறு சிறு இடங்கள் எண்ணற்றவை உள்ளன. தண்ணீரில் கரைந்த உலோகத்துக்கு நேர் மின்னேற்றம். அந்த இடங்களுக்கு எதிர் மின்னேற்றம். ஆகவே, உலோகம் வந்து ஒட்டிக்கொள்கிறது. பஸ்ஸில் காலி ஆசனத்தைக் கண்டதும் பிரயாணிகள் போய் உட்காருவதைப் போல.

பஸ் உதாரணத்தை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டலாம். தண்ணீரில் அமிலம் அதிகமாக இருந்தால், அமிலத்தின் அணுக்களே முந்திக்கொண்டு எல்லா ஆசனங்களையும் பிடித்துவிடும். காரீயத்துக்கு இடம் கிடைக்காது. கடின நீர் என்றால் சுண்ணாம்புச் சத்தும் போட்டிக்கு வரும். ஆசனங்கள் நிரம்பிய பிறகு எத்தனை முறை தண்ணீரை விட்டாலும் நார் ஒன்றும் பிடிக்காது. அது மட்டுமா? நிரம்பிய நாரின் மேல் அமில நீரை ஊற்றினால், உட்கார்ந்திருந்த காரீயம் எழுந்து மறுபடியும் தண்ணீருக்கே வந்துவிடும்! நேற்று நீரைச் சுத்தம் செய்த நார், இன்று நீருக்கு விஷம் கொடுக்கலாம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் நம் பக்கத்தில் நடந்த வேலையும் சொல்லத் தகுந்தது. பொள்ளாச்சிப் பக்கம் போனவர்கள், கயிற்று ஆலைகளை ஒட்டித் தென்னை நார்த் தூள் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். மட்டையிலிருந்து நாரை உரித்தெடுத்த பிறகு மிஞ்சும் தூள் அது. கோயமுத்தூர் பாரதியார் பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் நமசிவாயமும் அவரோடு ஆராய்ச்சி செய்தவர்களும் அந்தத் தூளைக் கரியாக்கிப் பக்குவம் செய்து, உலோகங்களைப் பிடிக்க வைத்தார்கள். 2001-இல் வெளியான அவர்களது ஆராய்ச்சி ஒன்று, முலாம் பூசும் தொழிற்சாலைகளின் கழிவு நீரிலிருந்து நிக்கல், தாமிரம் முதலியவற்றை நீக்குவதைப் பற்றியது. காசு பெறாத தூள் என்று நாம் நினைத்தது, இப்படி ஒரு காரியத்துக்கு உதவுகிறது.

சரி, தண்ணீரை மட்டும் அளந்தால் போதாதா? நாரையும் ஏன் அளக்க வேண்டும்?

மாதக் கடைசியில் வரவு செலவு எழுதும் பெண்மணிகளுக்கு இதை விளக்குவது சுலபம். ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லிகிராம் காரீயம் இருக்கிறது. அதில் ஒரு கிராம் நாரைப் போட்டுச் சில மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறோம். இப்போது தண்ணீரில் 1 மில்லிகிராம்தான் இருக்கிறது. உடனே, "நார் 9 மில்லிகிராம் பிடித்துவிட்டது!" என்று எழுதிவிடத் தோன்றும்.

அவசரப்படக் கூடாது. பர்ஸில் நூறு ரூபாய் குறைகிறது என்றால் அது முழுவதும் காய்கறிக்குத்தான் போயிற்று என்று எழுதிவிடுவீர்களா? நாரை அளந்து பார்த்தபோது அதில் 6 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 எங்கே? கண்ணாடிப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கலாம். தண்ணீரில் காரத் தன்மை கூடினால் காரீயம் தானாகவே பொடியாகித் திரிந்து கீழே படிந்துவிடும். அந்தப் பொடி வடிகட்டியில் தங்கியிருக்கலாம். அப்படியானால் பாராட்டில் ஒரு பங்கு நாரைச் சேர்ந்ததல்ல. தண்ணீரை மட்டும் பார்த்தவர் நாருக்குப் பொய்ப் புகழ் கொடுத்துவிடுவார். அந்தப் புகழை நம்பி ஓர் ஆலை பெரிய தொட்டி கட்டினால், பிறகு ஆற்றங்கரையில் இருப்பவர்கள்தான் கஷ்டப்பட வேண்டும்.

இன்னொரு தவறும் நேரலாம். நார் என்பது மண்ணில் வளர்ந்த செடியின் பகுதி. புதிய நாரிலேயே மண்ணிலிருந்து வந்த உலோகம் கொஞ்சம் இருக்கக்கூடும். ஆகையால், தண்ணீரில் போடுவதற்கு முன்பே நாரின் ஆரம்ப இருப்பு எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். தண்ணீரில் குறைந்ததும் நாரில் கூடியதும் ஏறக்குறைய நேரானால்தான் கணக்கு முடிந்தது என்று பொருள்.

"இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டுமா?" என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அது நாரைப் பற்றிய கதையல்ல, நெல்லைப் பற்றியது. ஆனால், செடி எதை உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் துயரமான சாட்சி வேறு வேண்டியதில்லை.

டோயாமா என்னும் மாகாணத்தில் ஜின்ஸூ என்று ஓர் ஆறு ஓடுகிறது. மேலே மலையில் காமியோகா சுரங்கம் இருந்தது. அதன் கழிவு ஆற்றில் கலந்தது. கீழே சமவெளியில் அதே ஆற்று நீரைப் பாய்ச்சி நெல் விளைவித்தார்கள். பயிர் பார்வைக்கு நெற்பயிராகத்தான் இருந்தது. அரிசி பார்வைக்கு அரிசியாகத்தான் இருந்தது. ஆனால், அந்தப் பிரதேசத்துப் பெண்களுக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். பல குழந்தைகளைப் பெற்றவர்கள். இடுப்பிலும் முதுகிலும் தாங்க முடியாத வலி. எலும்புகள் மெலிந்து, சிறு அசைவுக்கே முறிந்தன. அவர்கள் வலியால் கதறிய சொல்லே நோய்க்குப் பெயராகிவிட்டது: "இதாய் இதாய்." நம் மொழியில் சொன்னால், "வலிக்கிறதே, வலிக்கிறதே!"

அந்த ஊர் டாக்டர் நோபோரு ஹகினோ, தம்மிடம் வரும் நோயாளிகளின் வீடுகள் எல்லாம் ஆற்று நீர் பாயும் பகுதியிலேயே இருப்பதைக் கவனித்தார். சுரங்கத்தின் மேல் சந்தேகம் கொண்டார். சந்தேகம் மட்டும் போதுமா? ஜூன் கோபயாஷி என்ற விஞ்ஞானியும் மற்றவர்களும் பரிசோதனைச்சாலையில் அளந்து பார்த்தார்கள். காட்மியம் இருப்பது தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் இந்த முடிவுகள் வெளிவந்தன. 1968-இல் ஜப்பான் சர்க்கார் சுரங்கக் காட்மியமே இந்நோய்க்குக் காரணம் என்று ஒப்புக்கொண்டது. பல வருஷங்களாக அந்தப் பெண்கள் அழுதது எடுபடவில்லை. காட்மியத்தின் அளவு எழுத்தில் வந்த பிறகுதான் அவர்கள் பேச்சு எடுபட்டது. அளவை என்பது எத்தனை பெரிய சாட்சி என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இனிப் பரிசோதனைச்சாலைக்குள் போவோம். பயப்படாதீர்கள், அங்கே நடக்கும் காரியங்களில் பாதி, சமையலறையில் நடப்பவைதாம்.

முதல் வேலை, நாரைத் தேர்ந்தெடுப்பது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சோற்றுக்கு அது சரி. ஒரே உலையில் ஒரே மாதிரி வெந்தது. நாருக்குச் சரிப்படாது. குழாய் நிறைய நாரை அடைத்து மேலிருந்து கழிவு நீரை விட்டால், மேலே இருக்கும் நார் முதலில் நிரம்பிவிடும். அடியில் இருக்கும் நாருக்கு மிச்சம்தான் கிடைக்கும். மேலே ஒரு பிடி எடுத்து அளந்தால் ஒரு விடை, கீழே எடுத்தால் வேறு விடை. ஆகவே, பல இடங்களிலிருந்தும் எடுத்து நன்றாகக் கலந்து, அதிலிருந்து கொஞ்சம் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, உலர்த்துவது. கீரைக்காரி கட்டின் மேல் தண்ணீர் தெளித்தால் எடை கூடுகிறதல்லவா? நார் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைக் குடிக்கும். ஈரத்தோடு நிறுத்தால் ஒரு கிராமுக்கு இவ்வளவு உலோகம் என்ற கணக்கு உண்மையைவிடக் குறைவாக வரும். அதனால் 105 டிகிரி சென்டிகிரேடு அளவில் சூடான அடுப்பில் வைத்து, எடை இனிக் குறையாது என்ற நிலை வரும் வரை உலர்த்துகிறார்கள். பாதரசத்தை அளப்பதானால் மட்டும் இவ்வளவு சூடு கூடாது. அது ஆவியாகிப் பறந்துவிடும்.

மூன்றாவது, அரைப்பது. இங்கேதான் எதிர்பாராத ஓர் இடைஞ்சல். நம் மிக்ஸியின் கத்தி எவர்சில்வரால் ஆனது. எவர்சில்வரில் குரோமியமும் நிக்கலும் உண்டு. முரட்டு நாரை அதில் அரைத்தால் கத்தி தேய்ந்து அந்த உலோகங்கள் தூளில் கலந்துவிடும். பிறகு குரோமியம் எவ்வளவு என்று பார்த்தால், யந்திரம் மிக்ஸிக் கத்தியையும் சேர்த்துத்தான் கணக்குச் சொல்லும்! ஆகையால் அகேட் என்ற கல்லாலோ பீங்கானாலோ ஆன அரைக்கும் சாதனங்களை உபயோகிக்கிறார்கள். இந்த விஷயத்தில் நம் பாட்டிமார்களின் கல்லுரல்தான் ஜெயித்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

நான்காவது, கரைப்பது. தூளில் அரைக் கிராம் அளவு எடுத்து, வீரியமான நைட்ரிக் அமிலத்தோடு மூடிய பாத்திரத்தில் வைத்துச் சூடாக்குவார்கள். பிரஷர் குக்கரைப் போன்ற ஏற்பாடுதான். நார் கரைந்து மறைந்துவிடும். உள்ளே பதுங்கியிருந்த உலோகம் திரவத்துக்கு வந்துவிடும். அதைச் சுத்தமான நீர் விட்டுக் குறிப்பிட்ட அளவுக்கு நிரப்பி, யந்திரத்துக்குக் கொண்டுபோவார்கள்.

அந்த யந்திரம் எப்படி அளக்கிறது? காஸ் அடுப்பில் உப்பு சிதறினால் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பில் உள்ள சோடியத்தின் நிறம் அது. ஒவ்வொரு தனிமத்துக்கும் சுடரில் தனக்கென்று ஒளி உண்டு என்பதை ஜெர்மனியில் புன்சனும் கிர்க்காஃபும் 1860-ஆம் ஆண்டை ஒட்டி நிலைநாட்டினார்கள். தான் வெளியிடும் அதே ஒளியைத் தனிமம் விழுங்கவும் செய்யும் என்பதையும் கிர்க்காஃப் காட்டினார்.

இதை ஒரு நல்ல அளவுகோலாக மாற்றியவர் ஆலன் வால்ஷ். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய விஞ்ஞானி. 1952-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்ட வேலை செய்துகொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை பளிச்சிட்டதாம். சுடரில் அணுக்கள் வெளியிடும் ஒளியை அளப்பதைவிட, அவை விழுங்கும் ஒளியை அளப்பதுதான் சரி என்று தோன்றியது. 1955-இல் அந்த முறையை வெளியிட்டார்.

முறை இதுதான்: காரீயத்தின் ஒளியை மட்டும் வீசும் ஒரு விளக்கு. அதன் எதிரே ஒரு சுடர். கரைசலைப் பனி போலத் தூவிச் சுடருக்குள் செலுத்துவார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நூறு குழந்தைகள் கூச்சலிட்டாலும், தன் அம்மாவின் குரல் கேட்டால் அந்தக் குழந்தை மட்டும் திரும்பிப் பார்க்கிறதல்லவா? அதைப் போல, சுடரில் எத்தனை உலோகம் இருந்தாலும் காரீய விளக்கின் ஒளியைக் காரீய அணுக்களே விழுங்கும். விழுங்கியது போக மறுபக்கம் எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்த்தால், காரீயம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இப்போது அணுக்களை எடை வாரியாகப் பிரித்து, பல உலோகங்களை ஒரே தடவையில், இதைவிட நுட்பமாக அளக்கும் யந்திரங்களும் வந்திருக்கின்றன. ஆனாலும், வால்ஷின் சுடர் இன்னும் பல பரிசோதனைச்சாலைகளில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

யந்திரம் காட்டுவது சரிதான் என்று எப்படி நம்புவது? அதற்கு இரண்டு உபாயங்கள். ஒன்று, நாரே போடாமல், வெறும் அமிலத்தை மட்டும் அதே பாத்திரத்தில், அதே மாதிரி எல்லாம் செய்து அளப்பது. அரிசி போடாமல் உலை வைத்து இறக்குவதைப் போல. அதில் காரீயம் தென்பட்டால், அது அமிலத்திலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ தூசியிலிருந்தோ வந்தது என்று கண்டுகொண்டு கழித்துவிடலாம்.

இரண்டாவது உபாயம் நம் மனசுக்குப் பிடித்தது. பிரிட்டிஷ் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி போவன், முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேல் என்ற கீரையை நிறையப் பயிரிட்டு, உலர்த்தி, பொடித்து, ஒன்றாகக் கலந்தார். 1960-களில் அதைப் பல பரிசோதனைச்சாலைகளுக்கு அனுப்பி, ஒவ்வொருவரும் தம் முறைப்படி அளந்து சொல்லும்படி கேட்டார். ஒரே பொடி, ஆனால் சில தனிமங்களுக்கு வந்த விடைகளோ வெவ்வேறு! ஒரே சமையற்குறிப்பைப் பத்துப் பேர் செய்தால் பத்து ருசி வருவதைப் போலத்தான். அன்றிலிருந்து, அளவு தீர்மானமாகத் தெரிந்த இலைப் பொடியை வைத்துக்கொண்டு, நாரோடு அதையும் சேர்த்து அளப்பது வழக்கமாகிவிட்டது. இலைப் பொடிக்குச் சரியான விடை வந்தால் நாருக்கு வந்த விடையையும் நம்பலாம்.

அளவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அது நம் பாலாற்றங்கரையோடு சம்பந்தப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தையும் நீரையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கில், 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு அளித்தது. மாசு செய்தவரே நஷ்ட ஈடும், சீர்ப்படுத்தும் செலவும் கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தை அது வலியுறுத்தியது. தோல் பதனிட உபயோகிப்பது குரோமிய உப்பு.

குரோமியம் இரண்டு வேஷம் போடும். தோல் பதனிடும் உப்பில் இருப்பது அவ்வளவு கொடுமையில்லாத வேஷம். மற்றொன்று, ஆறு இணைதிறன் கொண்டது என்பார்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய விஷம். தேங்காய் நாருக்கு இங்கே ஒரு கூடுதல் சாமர்த்தியம் உண்டு. கொடிய குரோமியத்தைப் பிடிப்பதோடு, அதில் ஒரு பகுதியைச் சாதுவான குரோமியமாகவும் மாற்றிவிடும். ஆனால், நான் முன்பு சொன்ன சுடர் யந்திரம் இரண்டையும் சேர்த்து மொத்தக் கணக்குத்தான் சொல்லும். எது எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் வேறு ரசாயனச் சோதனை செய்ய வேண்டும். கொடிய குரோமியம் இருந்தால் அதில் செவ்வூதா நிறம் காட்டும். ஆகையால், "குரோமியம் இவ்வளவு" என்று யாராவது சொன்னால், "எந்தக் குரோமியம்?" என்று கேட்பது கெட்டிக்காரத்தனம்.

இப்போது கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டோம். அளந்தாயிற்று. நாரில் இவ்வளவு விஷம் என்று தெரிந்தாயிற்று. அந்த நாரை என்ன செய்வது?

நார்தானே என்று அடுப்பெரிக்கக் கொடுத்துவிட்டால், சில உலோகங்கள் புகையோடு போகும். மற்றவை சாம்பலில் முன்னைவிடச் செறிவாகத் தங்கும். அந்தச் சாம்பலைக் கொண்டு யாராவது பாத்திரம் துலக்கலாம். மக்க வைத்து எருவாக்கினால் நார் மக்கும், உலோகம் மக்காது. அந்த எருவில் வளரும் கீரை அதை உறிஞ்சும். கீரை நம் தட்டுக்கு வரும். ஆகாயத்தாமரையிலும் இதே எச்சரிக்கை தேவை. கழிவு நீர் ஓடும் கால்வாயில் வளர்ந்தது, உலோகத்தை வேரில் மிகுதியாகச் சேர்த்து வைத்திருக்கக்கூடும். அதை அளந்து பார்க்காமல் மாட்டுக்குத் தீவனமாகவோ தோட்டத்துக்கு எருவாகவோ போடலாகாது.

வெட்டிவேரும் இந்த ஜாதிதான். மண் பானையில் இரண்டு துண்டு போட்டால் தண்ணீர் மணக்கும். அதே வெட்டிவேரைச் சில தேசங்களில் சுரங்கக் கழிவு மேடுகளின் மேல் நடுகிறார்கள். காரீயம் போன்றவற்றைப் பெரும்பாலும் வேரிலேயே நிறுத்திக்கொள்கிறது என்பதால். கடையில் வாங்கும் வெட்டிவேரைக் கண்டு மிரள வேண்டாம். அது வாசனைக்காகவே விளைநிலத்தில் பயிராவது. ஆனால், தொழிற்சாலைச் சாக்கடை ஓரத்தில் தானாக வளர்ந்ததை யாராவது மலிவாகக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விஷம் ஏறிய நாருக்குச் சரியான கதி இரண்டுதான். ஒன்று, மெல்லிய அமிலத்தில் கழுவி உலோகத்தைத் தனியே மீட்பது. நாரைச் சில தடவை மீண்டும் உபயோகிக்கலாம். மற்றொன்று, அபாயக் கழிவுகளுக்கென்று அடியில் கசியாத விரிப்புப் போட்டு அமைத்த குழியில் சேர்ப்பது. நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் இடம் உண்டு. எந்த நாரை எங்கே அனுப்புவது என்பதை, அதில் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்ற அளவுதான் தீர்மானிக்கும். அளக்காத நார், பெயர் எழுதாத மருந்துச் சீசாவைப் போன்றது.

சகோதரிகளே, இதிலிருந்து நம் வீட்டுக்கு என்ன யோசனை? தேங்காய் நாரைக் குழாயில் கட்டி வீட்டிலேயே குடிநீரைச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். பக்குவம் செய்யாத நார் தண்ணீருக்குச் சாயம் கொடுக்கும். ஈரத்திலேயே கிடந்தால் கிருமியும் வளரும். அதன் ஆசனங்கள் எப்போது நிரம்பின என்று உங்களுக்குத் தெரியாது. "இயற்கை நார் வடிகட்டி" என்று ஒருவர் வீட்டுக்கு வந்து விற்றால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த உலோகத்தை, எவ்வளவு தண்ணீருக்கு நிறுத்தும்? எத்தனை நாளில் மாற்ற வேண்டும்? மாற்றிய நாரை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்? முதல் இரண்டுக்கும் பளிச்சென்று பதில் சொல்பவர், மூன்றாவது கேள்வியில் தலையைச் சொறிந்தால் விஷயம் விளங்கிவிடும்.

ஆர்.ஓ. யந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். யந்திரம் ஒதுக்கித் தள்ளும் தண்ணீரில், குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்ததெல்லாம் சேர்ந்திருக்கிறது. தரை துடைக்கலாம், குளியலறை கழுவலாம். மாடித் தோட்டத்துக் கீரைக்கு நாள்தோறும் ஊற்ற வேண்டாம். ஆழ்கிணற்று நீரை நம்பியிருக்கும் வீடுகள் ஒரு தடவையாவது அதை அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச்சாலையில் கொடுத்துக் காரீயம், காட்மியம் உட்பட அளந்து வைத்துக்கொள்வது நல்லது. அடுக்ககத்தில் இருப்பவர்கள் நாலு குடும்பமாகச் சேர்ந்து செய்தால் செலவும் பெரிதாகத் தோன்றாது.

எதையும் "போய்விட்டது" என்று யாராவது சொன்னால், "எங்கே போயிற்று?" என்று கேட்பது நம் வீட்டுப் பெண்களுக்குப் பழக்கமான காரியம். பால் கணக்கில் கேட்கிறோம், சலவைக் கணக்கில் கேட்கிறோம். தண்ணீர்க் கணக்கிலும் கேட்போம். ஆலை நடத்துபவர்களும் அதிகாரிகளும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த வாரம், பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது பூசுவது வெள்ளீயம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றிப் பேசலாம்.